குரல்களுக்கும் ஒரு வரலாறு உண்டு



ஒடுக்கப்பட்டோரின் காயத்துக்கு நோய் என்று பெயர் வைப்பது அதிகாரத்தின் பழைய வழக்கம். 1851இல் அமெரிக்கத் தென்மாநில மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட், அடிமைகள் தப்பி ஓடுவதை ‘டிராப்டோமேனியா’ என்னும் மனநோய் என்றார். அதற்கு அவர் சொன்ன வைத்தியங்களில் ஒன்று சவுக்கடி. விடுதலை தேடியவரே அவருக்கு நோயாளி.

1968இல், கறுப்பின மக்களின் போராட்டம் தீவிரமாக இருந்த காலத்தில், பிராம்பெர்க், சைமன் என்ற இரு மருத்துவர்கள் ‘எதிர்ப்பு மனப்பிறழ்வு’ என்றொரு நோயை எழுதினார்கள். கறுப்பின ஆண்களின் கோபம் அதில் அறிகுறியானது. 1974இல் ஹால்டால் மாத்திரையின் விளம்பரம் ஒன்று மனநல மருத்துவ ஏட்டில் வந்தது. அதில் முஷ்டியை உயர்த்திய ஒரு கறுப்பின ஆணின் படம். அவர் எதற்காகக் கோபப்பட்டார் என்று யாரும் கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்கான கதவு நெதர்லாந்தில் திறந்தது, திறந்தவர் ஒரு நோயாளி. தான் கேட்கும் குரல்களைப் பொருட்படுத்திப் பேசும்படி பாட்ஸி ஹாக் தன் மருத்துவர் மாரியஸ் ரோமிடம் வற்புறுத்தினார். 1987இல் இருவரும் தொலைக்காட்சியில் தோன்றி, குரல் கேட்பவர்களைத் தொடர்புகொள்ளச் சொன்னார்கள். சுமார் 700 பேர் தொடர்புகொண்டார்கள். அவர்களில் 450 பேர் குரல் கேட்பவர்கள், அவர்களிலும் 150 பேர் குரல்களோடு சமாளித்து வாழ்பவர்கள். பலருக்குக் குரல்கள் தொடங்கியது ஓர் இழப்புக்கோ வன்முறைக்கோ பிறகு. குரல் கேட்போர் இயக்கம் அங்கிருந்துதான் பல நாடுகளுக்கும் பரவியது.

பின்வந்த ஆய்வுகளும் இதே திசையைக் காட்டின. 36 ஆய்வுகளைத் தொகுத்த 2012ஆம் ஆண்டுக் கட்டுரை, குழந்தைப் பருவத்தில் கொடுமைக்கு ஆளானவர்களிடம் மனப்பிறழ்வுக்கான வாய்ப்பு ஏறத்தாழ 2.8 மடங்கு என்று கணக்கிட்டது. எல்லாக் குரல்களும் காயத்திலிருந்தே பிறக்கின்றன என்பதல்ல இதன் பொருள். மாத்திரையால் நிம்மதி பெறுவோரும் உண்டு, அதை நிறுத்தச் சொல்வது நம் வேலையல்ல.

நம் வேலை வேறு. சிறுவயது முதல் சாதி வசையைக் கேட்டு வளர்ந்த ஒருவருக்குத் தனிமையிலும் அதே வசை ஒலித்தால், அந்தக் குரல் யாருடையது என்று கேட்பது வைத்தியத்தின் பகுதியாக வேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சையில் சாதிப் பாகுபாடு கூடாது என்கிறது. சமூக நிலையை வைத்து ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. உனக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கும் கடமை அத்துடன் நிறைவேறிவிடாது. மருத்துவமனையிலும் விடுதியிலும் வீட்டிலும் அதைக் கேட்கப் பழகுவோம், பதில் வரும்வரை பொறுத்திருப்போம்.