கம்பளத்தின் நிறமும் கறையும்: ஒரு வரலாற்று நோக்கு

நாம் தொழும் பள்ளிவாசலுக்குப் புதிய விரிப்பு வாங்குவது குறித்து ஜமாஅத் நிர்வாகிகள் கூடியபோது நாமும் உடனிருந்தோம். மாதிரித் துண்டுகளுடன் வந்திருந்த வணிகர், “நிறம் மங்காது, கறை ஒட்டாது” என்னும் இரு உறுதிமொழிகளையே திரும்பத் திரும்பக் கூறினார். நிர்வாகிகளுள் மூத்தவர் ஒருவர், “எதனால் ஒட்டாது?” என்று கேட்டார். வணிகரிடம் அதற்கு விடை இல்லை. “கம்பெனியில் ஏதோ மருந்து போடுகிறார்கள்” என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

அவ்வினா மிகப் பழையது. கம்பளத்தின் நிறம் எதனால் நிலைக்கிறது, அதற்காக என்ன சேர்க்கப்படுகிறது என்று கேட்பது ஒரு காலத்தில் முஸ்லிம் நகரங்களில் அரசுப் பணியாகவே இருந்தது.

முஹ்தஸிபும் சாயக்காரரும்

கி.பி. 12ஆம் நூற்றாண்டில் ஷாம் நாட்டில் வாழ்ந்த அப்துர் ரஹ்மான் பின் நஸ்ர் அஷ்ஷைஸரீ, சந்தை மேற்பார்வையாளரான முஹ்தஸிபின் கடமைகளை விளக்கி ‘நிஹாயத்துர் ருத்பா’ என்னும் நூலை எழுதினார். அதில் சாயக்காரர்களுக்கெனத் தனி அத்தியாயம் உண்டு. சிவப்புச் சாயமிடுவோரில் பலர் ‘ஃபுவ்வா’ வேருக்குப் பதிலாக மருதாணியைப் பயன்படுத்துகின்றனர் என்றும், அச்சாயம் முதலில் பளபளப்பாகத் தோன்றினாலும் வெயில் பட்டதும் நிறம் மாறிவிடும் என்றும் அவர் எச்சரிக்கிறார்.

இங்கு நிறத்தின் நிலைப்பு, அழகு பற்றிய செய்தியாக அன்றி அமானிதம் பற்றிய செய்தியாகக் கருதப்பட்டிருப்பது குறிப்பிடத்தக்கது. சாயம் விற்கப்படும் நாளில் அதன் குறை கண்ணுக்குத் தெரியாது. அதைக் காட்டுவது காலமும் வெயிலுமே. வாங்குபவரால் அன்றே கண்டறிய இயலாத குறையைக் கண்டறிய ஓர் அதிகாரி தேவைப்பட்டார்.

அந்நாளில் கம்பளம் சிறு பொருளன்று. அப்பாஸிய கலீஃபா மஃமூன் காலத்து வருவாய்ப் பட்டியலை எடுத்துக்காட்டும் இப்னு கல்தூன், தபரிஸ்தான் பகுதி செலுத்திய வரியில் 600 கம்பளங்களும் அடங்கியிருந்ததைக் குறிப்பிடுகிறார். 14ஆம் நூற்றாண்டில் அனத்தோலியாவின் அக்சராய் நகருக்குச் சென்ற இப்னு பதூதா, அங்கு நெய்யப்பட்ட கம்பளங்கள் மிஸ்ர், ஷாம், இராக் மட்டுமின்றி இந்தியா, சீனா வரை அனுப்பப்பட்டதைப் பதிவு செய்துள்ளார்.

வேரும் படிகாரமும்

ஷைஸரீ குறிப்பிடும் ஃபுவ்வா, நம் மஞ்சிட்டியின் உறவுச் செடியாகும். பாரசீகத்தில் அதை ‘ரூனாஸ்’ என்பர். அதன் வேரில் உள்ள முதன்மையான நிறப்பொருள் அலிசரின். சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகளுக்குப் புகழ் தேடித் தந்த சாயவேரிலும் இதே அலிசரின் உண்டு. ஆயினும் வேரை மட்டும் கொதிக்கவைத்தால் நிறம் நிற்பதில்லை. கம்பளியை முதலில் படிகார நீரில் ஊறவைத்தல் வேண்டும். படிகாரத்திலுள்ள அலுமினியம் ஒரு கையால் இழையையும் மறுகையால் சாயத்தையும் பற்றிக்கொள்கிறது. அவுரியின் வழி வேறு. நீரில் கரையும் நிலையில் இழைக்குள் புகுந்து, காற்றுப் பட்டதும் கரையாத நீலமாக அது உள்ளேயே தங்கிவிடுகிறது.

இவ்வறிவின் உச்சத்தை அர்தபீல் கம்பளத்தில் காண்கிறோம். ஷைக் ஸஃபிய்யுத்தீன் அவர்களின் அடக்கத்தலத்துக்கென நெய்யப்பட்டு, ஹி. 946 (கி.பி. 1539-40) என்னும் ஆண்டைத் தன்மீதே தாங்கி நிற்கும் அக்கம்பளம், இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஏறத்தாழ பத்தரை மீட்டர் நீளமுள்ள அதில் பத்து நிறங்கள். நான்கரை நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அவை உயிரோடிருக்கின்றன. எனினும் அந்நிறங்களைக் காப்பதற்காக, விளக்கை இடையிடையே சில நிமிடங்கள் மட்டும் ஏற்றும் ஏற்பாட்டை அருங்காட்சியகத்தார் செய்தனர். ஒளியை முற்றிலும் வென்ற சாயம் எதுவுமில்லை என்பதற்கு இதுவே சான்று.

அனிலின் தந்த அதிர்ச்சி

1856இல் இலண்டனில் வில்லியம் பெர்க்கின் என்னும் இளைஞர் கொய்னா மருந்தைச் செயற்கையாகச் செய்ய முயன்றபோது, எதிர்பாராமல் ஊதாச் சாயம் ஒன்று கிடைத்தது. நிலக்கரித் தாரிலிருந்து பெறும் அனிலின் சாயங்களின் காலம் அன்று தொடங்கியது. 1868இல் கிரேபே, லீபர்மான் என்னும் ஜெர்மானிய அறிஞர்கள் அலிசரினையே ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினர். 1897இல் செயற்கை அவுரி சந்தைக்கு வந்தது.

தொடக்ககால அனிலின் சாயங்கள் மலிவானவை, பளிச்சென்றிருப்பவை. ஆனால் அவற்றுள் பல வெயிலில் வெளுத்தன. ஈரம் பட்டால் பக்கத்து நிறத்தில் கசிந்தன. பாரசீகக் கம்பளத்தின் நற்பெயர் குலைவதைக் கண்டு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாஸிருத்தீன் ஷா அவற்றின் இறக்குமதியைத் தடைசெய்தார். தடை முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. ஷைஸரீ கண்ட மருதாணி மோசடியே புதிய உருவில் திரும்பி வந்தது எனலாம்.

ஆயினும் செயற்கைச் சாயம் அனைத்தும் பழுதானது என்பது நேர்மையான முடிவாகாது. 20ஆம் நூற்றாண்டில் வந்த குரோமச் சாயங்களும் உலோகக் கலப்புச் சாயங்களும் இயற்கைச் சாயங்கள் பலவற்றை விட உறுதியானவை. நிலைப்பை அளக்க முறையான அளவுகோலும் பிறந்தது. நீலச் சாயமிட்ட எட்டுக் கம்பளித் துண்டுகளை மாதிரியோடு சேர்த்து ஒளியில் வைத்து, எதனோடு ஒத்து அது மங்குகிறது என்று பார்த்து, 1 முதல் 8 வரை மதிப்பெண் இடுகின்றனர். முஹ்தஸிபின் கண்ணுக்கு இது நவீன வாரிசு. மறுபுறம், 1981இல் துருக்கியின் மர்மரா பல்கலைக்கழகத்தின் துணையுடன் ஹரால்ட் போமர் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர், அய்வாஜிக் பகுதிக் கிராமப் பெண்களிடையே வேர்ச் சாயக் கலையை மீட்டெடுத்தார்.

நைலானின் வாசல்

1935இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் நைலானை உருவாக்கினர். 1950களின் இறுதியில் அது கம்பளத்துக்கேற்ற தடித்த இழையாக வரத் தொடங்கியது. படுக்கை விரிப்புகளில் கைத்தையலால் குஞ்சம் வைக்கும் குடிசைத் தொழிலில் தொடங்கிய ஜார்ஜியா மாநிலத்தின் டால்டன் நகரம், அதே உத்தியை இயந்திரத்துக்கு மாற்றி உலகின் கம்பளத் தலைநகரெனப் பெயர் பெற்றது.

நைலான் தேயாது, மிதித்தாலும் நிமிர்ந்துகொள்ளும். ஆனால் அதற்கொரு பலவீனம் உண்டு. நைலான் மூலக்கூறின் முனைகளில் அமைன் தொகுதிகள் உள்ளன. அமிலத்தில் அவை நேர்மின்னேற்றம் பெற்று, எதிர்மின்னேற்றமுள்ள அமிலச் சாயங்களை ஈர்த்துப் பிணைக்கின்றன. நைலான் அழகாகச் சாயமேற்பது இதனால்தான். இனிப்புப் பானங்களில் சேர்க்கப்படும் சிவப்பு நிறமும் அமிலச் சாயமே, பானமும் புளிப்பானதே. ஆகவே குழந்தையின் கையிலிருந்து சிந்தும் ஒரு குவளைப் பானம், சாயத் தொட்டியின் வேலையைச் செய்து முடித்துவிடுகிறது. சாயம் புகுந்த வாசலிலேயே கறையும் புகுகிறது. அமெரிக்கச் சோதனைக்கூடங்கள் இன்றும் அந்தச் சிவப்புச் சாயத்தைக் கொண்டே நைலான் கம்பளங்களின் கறை எதிர்ப்பை அளக்கின்றன.

நிறத்துக்கும் வேறோர் இடர் வந்தது. மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய ஈரக்காற்றுப் பகுதிகளில், வெயில் படாத அறைகளிலும் சில நைலான் கம்பளங்களின் நீலம் மங்கியது. காற்றிலிருந்த ஓசோனே காரணமெனப் பின்னர் தெரிந்தது.

வாசலை அடைத்த வழிகள்

முதல் வழி, சாயமிட்டபின் வாசலை அடைப்பது. ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிலறிந்தோருக்குச் ‘சின்டான்’ என்னும் சொல் புதிதன்று. தோல் பதனிடப் பயன்படும் செயற்கைத் தோல்பதப் பொருள் அது. அதே இனத்தைச் சேர்ந்த எதிர்மின் சேர்மங்களை நைலான் இழையின் மேற்பரப்பில் ஏற்றினால், எஞ்சிய அமைன் இடங்களை அவை பிடித்துக்கொண்டு, பின்னர் வரும் அமிலச் சாயத்தை விலக்குகின்றன. 1986இல் டூபாண்ட் வெளியிட்ட ‘ஸ்டெயின்மாஸ்டர்’ இத்தகைய சிகிச்சையால் பெரும் வெற்றி கண்டது. ஆனால் பீனால் வகைச் சேர்மங்கள் ஒளியில் மஞ்சளாயின. அதனால் மெதாக்ரிலிக் அமிலப் பல்மங்கள் துணைக்கு அழைக்கப்பட்டன. இவ்வழிக்கு இன்னொரு வரம்பும் உண்டு. மஞ்சள் கிழங்கின் நிறப்பொருளுக்கு மின்னேற்றத்தின் துணை தேவையில்லை. அது நேராக இழைக்குள் கரைந்து புகும். நோன்புக் கஞ்சி சிந்திய இடத்தில் மஞ்சள் கறை நின்றுவிடுவதன் காரணம் இதுவே.

இரண்டாம் வழி, இழையையே மாற்றுவது. நைலானை உருவாக்கும்போதே சல்போனேட் தொகுதிகளை அதன் சங்கிலியில் சேர்த்தால், இழை தானே அமிலச் சாயத்தை விலக்கும்.

மூன்றாம் வழி, சாயத் தொட்டியையே கைவிடுவது. உருகிய பல்மக் குழம்பில் நிறமியைக் கலந்து இழையாக இழுக்கின்றனர். மஞ்சள் கிழங்கை எங்கே முறித்தாலும் உள்ளே மஞ்சளே இருப்பதுபோல, இவ்விழையின் உட்புறமும் நிறம் கொண்டிருக்கும். வெயிலும் சலவையும் அதை எளிதில் அசைப்பதில்லை. சாயக்கழிவு நீரும் பெருமளவு குறைகிறது. 1954இல் இத்தாலியின் ஜூலியோ நத்தா உருவாக்கிய பாலிப்ரொப்பிலீனில் சாயம் பற்றும் இடங்களே இல்லை என்பதால், அதற்கு இவ்வழியே உகந்தது. நீர்க்கறை அதில் தங்குவது அரிது. ஆனால் எண்ணெய்க் கறை ஒட்டும். மிதிபட்டால் விரைவில் படிந்துவிடும்.

நான்காம் வழியிலேதான் சிக்கல் பிறந்தது.

கறை சென்ற இடம்

1953இல் அமெரிக்காவின் 3எம் ஆய்வுக்கூடத்தில், ஃபுளூரின் சேர்மம் ஒன்று உதவியாளரின் காலணியில் சிந்தியது. அவ்விடத்தில் நீரும் எண்ணெயும் ஒட்டாததைப் பாட்சி ஷெர்மன், சாமுவேல் ஸ்மித் ஆகிய வேதியியலாளர்கள் கவனித்தனர். 1956இல் ‘ஸ்காட்ச்கார்ட்’ சந்தைக்கு வந்தது. இழைக்கு மேல் ஃபுளூரின் போர்வை இருந்தால் தேநீரும் எண்ணெயும் முத்துப்போல் உருண்டு நிற்கும். எனவே கறை தடுக்கும் சின்டானோடு இப்போர்வையையும் சேர்த்திடுவது கம்பள ஆலைகளின் வழக்கமாயிற்று.

கார்பன்-ஃபுளூரின் பிணைப்பு மிக வலியது. போர்வை நீடிப்பதற்கு அதுவே காரணம். அவ்வலிமையாலேயே இச்சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் சிதைவதில்லை. பி.எஃப்.ஓ.எஸ். என்னும் சேர்மம் மனித இரத்தத்தில் பரவலாகக் காணப்பட்டதையடுத்து, 3எம் நிறுவனம் 2000ஆம் ஆண்டு மே மாதம் அதன் உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவித்தது. 2009இல் அச்சேர்மமும், 2019இல் அதன் உறவான பி.எஃப்.ஓ.ஏ.யும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்தன. 2023இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை பி.எஃப்.ஓ.ஏ.யை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என வகைப்படுத்தியது. 2024 ஏப்ரலில் அமெரிக்க அரசு இவ்விரண்டுக்கும் குடிநீரில் விதித்த வரம்பு, இலட்சம் கோடியில் 4 பங்கு.

டால்டன் ஆலைகளின் கழிவுநீர் கொனசாகா ஆற்றங்கரைக் காட்டு நிலத்தில் தெளிக்கப்பட்டு வந்தது. அவ்வாற்று நீர் ஊஸ்டனாலாவாகி ரோம் நகரை அடைகிறது. பின் கூசா ஆறாகி அலபாமாவுக்குள் பாய்கிறது. கீழ்நிலத்து நகரங்களின் குடிநீரில் இச்சேர்மங்கள் தென்பட, அவை நீதிமன்றம் சென்றன. ரோம் நகரம் 2019இல் தொடுத்த வழக்கு 2023இல் இழப்பீட்டு உடன்பாடுகளில் முடிந்தது. கம்பளத்தில் தங்காத கறை எங்கே போயிற்று என்பதற்கு விடை இங்கே கிடைக்கிறது. அது ஒழியவில்லை, வாங்கியவரின் கூடத்திலிருந்து, அக்கம்பளத்தைக் கண்டேயிராத ஒருவரின் குடிநீருக்கு இடம் மாறிற்று.

ஷைஸரீயின் நூலில் சாயக்காரர் அத்தியாயத்துக்கு வெகு முன்னரே பாதைகள் பற்றிய அத்தியாயம் வருகிறது. தன் வீட்டுக் கழிவுநீரைத் தெருவில் விடுபவனை, அதை அடைத்துத் தன் வீட்டுக்குள்ளேயே குழி தோண்டிக்கொள்ளுமாறு முஹ்தஸிப் பணிக்க வேண்டும் என்கிறார் அவர். வாங்குபவரின் உரிமையும் வழிப்போக்கரின் உரிமையும் அங்கு ஒரே அதிகாரியின் பொறுப்பில் இருந்தன. நம் காலத்தில் அவை பிரிந்துவிட்டன. நிறத்துக்கும் கறைக்கும் மதிப்பெண் இட்ட சோதனைக்கூடங்கள், கழிவுநீர் செல்லும் திசையை அளக்கவில்லை.

ஃபுளூரின் போர்வை இன்றியமையாததன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். 2019, 2020 ஆண்டுகளில் அமெரிக்காவின் பெரும் விற்பனை நிலையங்கள் சில, இச்சேர்மமிட்ட கம்பளங்களை விற்பதை நிறுத்தின. கம்பளத் தொழில் அதனால் நின்றுவிடவில்லை. நிறமி கலந்த இழையும் தன்னியல்பாகக் கறை விலக்கும் இழையும் ஏற்கெனவே இருந்தன. இருந்தும் எளிய வழியே இத்தனை ஆண்டுகள் ஆண்டது, காரணம், வாங்குவோர் எவரும் “எதனால்?” என்று கேட்கவில்லை.

மூத்தவர் கேட்ட வினாவை விரித்து, மூன்று கேள்விகளாக எழுதி நிர்வாகத்திடம் தந்தோம். இழை எது? நிறம் குழம்பிலேயே கலந்ததா, பின்னர் ஏற்றியதா? மேலே ஃபுளூரின் பூச்சு உண்டா, இல்லையா? ஆலையிடமிருந்து எழுத்தில் விடை பெற்று வருமாறு வணிகரிடம் கூறப்பட்டுள்ளது. விடை வரும்வரை பழைய விரிப்பிலேயே தொழுகிறோம். அதில் கஞ்சிக் கறைகள் சில உண்டு. அவற்றால் தொழுகைக்கு எந்தக் குறையுமில்லை.