பேட்டில்: ஒரு போர்க்களத்தின் பெயர்கள்

இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள ஹேஸ்டிங்ஸ் நகருக்கு வடமேற்கே ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் தொலைவில் பேட்டில் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. 1066 அக்டோபர் 14ஆம் நாள் நார்மண்டிக் கோமகன் வில்லியம் ஆங்கிலேய மன்னன் ஹெரால்டை வென்ற போரை நூல்கள் 'ஹேஸ்டிங்ஸ் போர்' என்றே குறிக்கின்றன. ஆயின் போர் நடந்தது ஹேஸ்டிங்ஸில் அன்று. பேட்டிலில் உள்ள மடத்தின் தென்சரிவே போர்க்களம் என்பது பெரும்பான்மையோர் கொள்கை. புகைவண்டி நிலையப் பெயர்ப்பலகையிலேயே 'போர்' என்னும் சொல்லைக் கண்டு இறங்கும் பயணிக்கு, போருக்கு முன் இவ்விடம் எப்பெயரால் வழங்கியது என்னும் வினா எழுவது இயல்பு.

இவ்வினாவுக்கு மூன்று மொழிகள் மூன்று விடைகள் தருகின்றன. ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பின் ஒரு படி, ஹெரால்டு வில்லியமை எதிர்கொண்ட இடத்தை 'நரைத்த ஆப்பிள் மரத்தருகே' எனப் பழைய ஆங்கிலத்தில் சுட்டுகிறது. நரையைக் குறிக்கும் அடைச்சொல் அக்கால நிலப் பட்டயங்களில் எல்லைக்கல், எல்லைமரம் ஆகியவற்றுக்கு அடிக்கடி வருவதால், அம்மரமும் எல்லை அடையாளமாக இருந்திருக்கலாம் என்பர். ஊரில்லாத இடத்தை மரத்தால் சுட்டுவது உள்ளூராரின் வழக்கு. அவ்வாறு சுட்டியவர் தோற்ற தரப்பின் மொழியில் எழுதியவர் என்பது குறிப்பிடத்தக்கது.

இரண்டாவது பெயர் 'சென்லாக்'. இதனை வழங்கியவர் ஆர்டரிக் விட்டாலிஸ். 1075இல் இங்கிலாந்தில் ஆங்கிலேயத் தாய்க்குப் பிறந்து, பத்து வயதில் நார்மண்டி மடமொன்றுக்கு அனுப்பப்பட்ட அவர் இலத்தீனில் எழுதினார். மணல் ஓடையைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரொன்றின் திரிபே இது எனக் கருதப்படுகிறது. பிரெஞ்சுச் செவிகள் இதனைக் 'குருதி ஏரி' எனப் பொருள்படுமாறு திரித்துக் கொண்டன. மக்கட் சொற்பிறப்பியலுக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு எளிதில் கிட்டாது. 19ஆம் நூற்றாண்டில் வரலாற்றாசிரியர் ஃப்ரீமன் போருக்கே 'சென்லாக்' எனப் பெயர் மாற்ற முயன்றார். ரவுண்ட் என்பார் அதனைக் கடுமையாக மறுத்தார். ஃப்ரீமன் ஆங்கிலத் தொன்மையை மீட்பதாக எண்ணிப் பற்றிக்கொண்டது நார்மண்டியிலிருந்து எழுதப்பட்ட ஓர் இலத்தீன் நூலின் வடிவத்தையே என்பது வேடிக்கை.

நிலைத்தது மூன்றாவது பெயரே. போர் முடிந்து இருபதே ஆண்டுகளில், 1086இன் டூம்ஸ்டே நிலப்பதிவேடு 'லாபடாயில்' என ஒலிக்கத்தக்க பிரெஞ்சுப் பெயரை, அதன் பெயர்ச்சார்பு 'லா'வும் பிரிக்கப்படாத நிலையில், இலத்தீன் தொடரினுள் எழுதுகிறது. அது ஊரின் பெயரன்று, மடத்தின் பெயர். மடத்தைச் சுற்றியே ஊர் வளர்ந்தது.

அம்மடத்தை நிறுவியவன் வில்லியம். 12ஆம் நூற்றாண்டில் எழுந்த மடத்து வரலாறு, மார்மூட்டியேவிலிருந்து வந்த துறவியர் நீரற்ற இக்குன்றை விரும்பாது வேறிடத்தில் கட்டத் தொடங்கினர் என்றும், மன்னன் சினந்து, ஹெரால்டின் கொடி வீழ்ந்த இடத்திலேயே தலைமைப் பலிபீடம் அமைய வேண்டும் என ஆணையிட்டான் என்றும் கூறும். இம்மடத்தார் உரிமை நாட்டப் போலிப் பட்டயங்கள் புனைந்தவர்கள். அவர்கள் கூற்றை அப்படியே ஏற்க இயலாது. ஆயினும் வில்லியமின் அவையில் வாழ்ந்த ஆங்கில ஆண்டுக்குறிப்பாளர் ஒருவரும், 1087இல் அவன் மறைவைப் பதியுமிடத்து, வெற்றி கிட்டிய அதே இடத்தில் அவன் மடம் எழுப்பியதைச் சொல்கிறார். கட்டடமும் சான்று பகர்கிறது. துறவியர் துயிற்கூடத்தின் கீழுள்ள வளைகூரை அறைகள், சரிவில் இறங்க இறங்க உயரம் கூடிக்கொண்டே செல்கின்றன. மேல்தளத்தைச் சமமாக வைக்க வேண்டிக் கட்டியோர் பட்ட பாடு அது. இடத்தைத் தேர்ந்தவர் கட்டியவர் அல்லர் என்பது அங்கு நின்று நோக்குவார்க்கு விளங்கும்.

அந்த ஆண்டுக்குறிப்பாளர் மடத்தைச் சுட்டும் சொல் 'மின்ஸ்டர்'. 'மடத்தலைவர்' என்பதற்கான 'ஆபட்' போல, இதுவும் வெற்றிக்கு முன்பே இலத்தீனிலிருந்து ஆங்கிலம் பெற்ற சொல். இன்று இடிபாடுகளின் வாயிலில் காணப்படும் 'ஆபி'யோ பிரெஞ்சு வழி வந்தது. எனினும் 1066ஐ மொழிமாற்றத்தின் ஆண்டாகக் கொள்வது பொருந்தாது. வில்லியமே இலண்டன் மக்களுக்கு விடுத்த ஆணை ஆங்கிலத்தில் அமைந்தது. பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துள் பெருவெள்ளமாகப் புகுந்தது 1250க்குப் பின்னரே என யெஸ்பர்சனின் கணக்கு காட்டுகிறது.

மொழிபெயர்ப்பாளர்க்கு இவ்வூர்ப்பெயர் சிறு இடர் தருவது. 'போர் மடம்' என்றால் போர் பயிற்றும் மடம் எனப் பொருள் மயங்கும். 'பேட்டில் ஆபி' என ஒலிபெயர்த்தால் பெயர்க்காரணம் மறையும். ஒலிபெயர்த்து, முதல் வருகையில் பொருளை விளக்குவதே தக்கது.

1538இல் மடம் கலைக்கப்பட்டு ஆண்டனி பிரவுனுக்கு வழங்கப்பட்டது. அவர் கோயிலை இடித்தார். துயிற்கூடம் கூரையிழந்து நிற்கிறது. தலைமைப் பலிபீடம் இருந்த இடத்தை இன்று தரையில் பதித்த ஒரு கல் காட்டுகிறது. ஆப்பிள் மரம் நின்ற இடம் எவர்க்கும் தெரியாது.