எண்பெருங்குன்றமும் மாமதுரையும்

மதுரையை வளர்த்தது வைகை என்பர். குன்றுகளையும் உடன் சேர்த்தால்தான் அக்கூற்று நிறைவுறும். வடக்கே அழகர்மலை, வடகிழக்கே ஆனைமலை, தென்மேற்கே பரங்குன்றம், மேற்கே நாகமலை, அதனை அடுத்துச் சமணர்மலை எனக் கற்குன்றுகள் நகரைச் சூழ்ந்து நிற்கின்றன. வைகையோ ஆண்டு முழுதும் ஓடும் ஆறன்று. வெற்றுப் பாறையில் விழும் மழை மண்ணில் ஊறுவதில்லை. வழிந்தோடி அடிவாரத்தை அடைகிறது. அந்நீரைத் தேக்கிய கண்மாய்களும், ஒன்று நிரம்பி மறுகால் பாய்ந்து அடுத்ததை நிரப்பும் ஒழுங்குமே கோடையில் ஊரைக் காத்தன.

நம் முனிவர்கள் தவமிருக்கத் தேர்ந்தவையும் இக்குன்றுகளே. குகை வாயிலின் மேல் நீர்வடி விளிம்பு வெட்டி மழைநீர் உட்புகாமல் தடுத்தனர். உள்ளே கற்படுக்கைகள் அமைத்தனர். சமணர்மலையின் பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர் திருவுருவங்களின் அருகே சுனை ஒன்றும் உண்டு. ஊரை விட்டு விலகிய இடம், ஆயினும் கொடையாளர் எட்டும் தொலைவு. மாங்குளத்துத் தமிழிக் கல்வெட்டுகளில் நெடுஞ்செழியன் பெயரும் வெள்ளறை நிகமத்தார் கொடையும் காணப்படுகின்றன. அழகர்மலையில் கொடையளித்தோர் யாவர்? உப்பு வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன், மதிரைப் பொன்கொல்வன். அரசரினும் இச்சிறு வணிகரின் பெயர்களே நகரின் வாழ்வை நமக்குத் தெளிவாகக் காட்டுகின்றன எனலாம்.

பிற்காலத்தாரும் நிலத்தின் போக்கை அறிந்தே பணி செய்தனர். 1645இல் திருமலை நாயக்கர் அமைத்த வண்டியூர்த் தெப்பக்குளத்துக்கு வைகையிலிருந்தே நீர் வந்தது. 1840களில் கோட்டை இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டு, வெளிவீதிகள் தோன்றின. 1895இல் பெரியாற்று நீர் மேற்குமலையைக் குடைந்து வைகைப் படுகைக்கு வந்தது. தொலைவிலிருந்து நீர் கிடைத்தபின் அருகிலிருந்த கண்மாய்களின் அருமை மங்கிற்றோ என ஐயுற இடமுண்டு. நகர் வடகரையில் பரந்தது. செல்லூர், வண்டியூர்க் கண்மாய்கள் சுருங்கின. ஊரின் ஊடே ஓடிய கிருதுமால் நதி இன்று கழிவுநீர் வாய்க்காலாகக் கிடக்கிறது.

குன்றுகளுக்கும் ஊறு நேர்ந்தது. மேலூர்ப் பக்கத்துக் கற்சுரங்கங்கள் மலைகளையே விழுங்கின. எனினும் கழிஞ்சமலையில் தமிழிக் கல்வெட்டும் தீர்த்தங்கரர் புடைப்புருவமும் உடைய அரிட்டாபட்டியை, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. அங்கே 72 ஏரிகளும் 200 இயற்கை ஊற்றுக் குளங்களும் உள்ளன என்பது அரசுக் கணக்கு. அப்பகுதியை உள்ளடக்கி 2024இல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டபோது சுற்றுவட்டார உழவர்கள் மதுரை நோக்கி நடந்தனர். 2025 ஜனவரியில் ஏலம் நீக்கப்பட்டது. கழிஞ்சமலையில் பெய்யும் மழை இன்றும் அவ்வுழவர்களின் கண்மாய்களுக்கே இறங்கி வருகிறது.