கருப்பு என்றொரு பெயர்: ஃபிலிம் நுவாரும் அதன் ஓரத்தில் நின்றவர்களும்



நினைவுரைக்குச் சினிமாவை எடுத்துக்கொண்டது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அதுவும் எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முந்தைய அமெரிக்கக் குற்றப் படங்கள். ஆனால் அந்தப் படங்களுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் இட்ட பெயர் 'நுவார்', அதாவது கருப்பு. ஒன்றை நிறத்தின் பெயரால் அழைக்கும்போதெல்லாம் அது யாருடைய நிறம் என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். அந்தக் கேள்வியோடுதான் இந்தப் படங்களிடம் போகிறேன்.

முதலில் பெயரின் கதை. ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் பிரான்சுக்குள் அமெரிக்கப் படங்கள் வரவில்லை. போர் முடிந்து 1946இல் 'தி மால்டீஸ் ஃபால்கன்', 'லாரா', 'டபுள் இன்டெம்னிட்டி' போன்றவை பாரிசுத் திரையரங்குகளில் மொத்தமாக வந்து இறங்கின. சேர்ந்தாற்போல் பார்த்ததால் அவற்றின் குடும்பச் சாயல் சட்டெனத் தெரிந்தது. அந்த ஆண்டு நினோ ஃபிராங்க் என்ற விமர்சகர் இவற்றை 'ஃபிலிம் நுவார்' என்றார். காலிமார் பதிப்பகம் 1945இல் தொடங்கிய குற்றப் புனைவு வரிசைக்கு 'செரி நுவார்' என்றுதான் பெயர்; அட்டையும் கருப்பு. 1955இல் போர்தும் ஷோமெத்தோனும் தனி நூலே எழுதினார்கள். படங்களை எடுத்தவர்களுக்கோ தாங்கள் 'நுவார்' எடுக்கிறோம் என்று தெரியாது. அவர்களுக்கு அவை குற்றப் படங்கள், மெலோடிராமாக்கள்.

அந்தச் சாயல் எது? எல்லோரும் முதலில் சொல்வது ஒளியைப் பற்றித்தான். ஹாலிவுட் ஒரு முகத்துக்கு மூன்று விளக்கு வைக்கும்: முதன்மை விளக்கு, அது உண்டாக்கும் நிழலை நிரப்ப இன்னொன்று, பின்னாலிருந்து உருவத்தைப் பிரித்துக் காட்ட மூன்றாவது. நிரப்பும் விளக்கை அணைத்தாலோ மங்கவிட்டாலோ முகத்தின் பாதி இருட்டுக்குப் போய்விடும். நுவாரின் பாதி ரகசியம் இவ்வளவுதான். சன்னல் பலகைகளின் கோடுகள் உடம்பின்மேல் சிறைக்கம்பிபோல விழும், தெரு நனைந்திருக்கும். ஃபிரிட்ஸ் லாங், பில்லி வைல்டர், ராபர்ட் சியோட்மாக் என ஹிட்லருக்குத் தப்பி வந்தவர்கள் பலர் இந்தப் பார்வையைக் கையோடு கொண்டுவந்தார்கள். இதை மட்டும் சொல்லிவிட்டுப் போவது அழகியல்வாதிகளின் பழக்கம். போர்க்காலத்தில், 1942 முதல், ஒரு படத்தின் அரங்க அமைப்புக்குப் புதிதாக வாங்கும் பொருளுக்கு 5,000 டாலர்தான் என்று அரசு உச்சவரம்பு வைத்தது. சுவர் இல்லாத இடத்தை மறைக்க இருட்டைவிட மலிவான பொருள் ஏது?

நிழல் பட்டாலே தீட்டு என்று விதிக்கப்பட்ட வரலாற்றிலிருந்து வரும் நமக்கு நிழல் வெறும் ஒளியமைப்புச் சமாச்சாரம் அல்ல. இந்தப் படங்களைப் பார்க்கும்போது, நிழலுக்குள் நிற்பது யார் என்றுதான் என் கண் தேடும்.

1944இல் வந்த 'டபுள் இன்டெம்னிட்டி'யை எடுத்துக்கொள்வோம். வால்டர் நெஃப், காப்பீட்டு முகவர். ஃபிலிஸ் என்ற பெண்ணோடு சேர்ந்து அவள் கணவனைக் கொன்று, ரயில் விபத்துபோலக் காட்டி, இரட்டிப்புத் தொகை வாங்கத் திட்டமிடுகிறான். தோற்ற பிறகு, குண்டடிபட்ட உடம்போடு இரவில் அலுவலகத்துக்கு வந்து, குரல்பதிவுக் கருவியிடம் தன் கதையைச் சொல்கிறான். பின்னோக்கி நகரும் கதை, குற்றவாளியின் சொந்தக் குரல், பணத்தை நாடும் பெண், தப்பமுடியாத முடிவு: நுவாரின் கருப்பொருள் எல்லாம் இந்த ஒரு படத்தில் கிடைக்கும். தனக்கென்று ஆசைப்படும் பெண்ணை இந்தப் படங்கள் கொன்றே தீர்க்கின்றன என்பதைப் பெண்ணியர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். நான் வேறொருவரைப் பார்க்கிறேன்.

கொலைநாள் மாலை நெஃப் தன் குடியிருப்பின் கீழ்த்தளத்துக்கு வருகிறான். அங்கே கார் கழுவும் கறுப்பினத்தவர் சார்லி. தன் காரைக் கழுவச் சொல்லி, இன்றிரவு வெளியே போகப் போவதில்லை என்று அவர் காதில் விழச் சொல்லிவைக்கிறான். நாளை விசாரணை வந்தால் சார்லி சாட்சி சொல்லவேண்டும். ஒரு நிமிடக் காட்சி. கறுப்பரின் சொல் மதிப்புப் பெறும் இடம் எது பாருங்கள்: வெள்ளையனின் பொய்யைக் காப்பாற்றும் இடம். கடைசியில் நெஃபைக் காட்டிக்கொடுப்பதும் துப்பறியும் மேதை அல்ல. சிந்திய ரத்தத்தைக் கண்ட கட்டடத் துப்புரவுப் பணியாளர்தான் தகவல் சொன்னவர். 1947இன் 'அவுட் ஆஃப் த பாஸ்ட்'டிலும் இதே கதை. ஓடிப்போன நாயகியைத் தேடும் நாயகன் கறுப்பர்களின் கேளிக்கை விடுதிக்குப் போய் அவளுடைய பழைய பணிப்பெண்ணிடம் விசாரிக்கிறான். அவள் வாயிலிருந்து நழுவும் ஒரு சொல்லில்தான் துப்பு இருக்கிறது. நடித்தவர் தெரசா ஹாரிஸ். படத்தின் பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் இல்லை.

எரிக் லாட் 1997இல் எழுதிய கட்டுரைக்குத் தலைப்பே 'ஃபிலிம் நுவாரின் வெள்ளைத்தன்மை'. வெள்ளையரின் ஒழுக்கச் சரிவை இந்தப் படங்கள் கருப்பாகத் தீட்டுகின்றன என்பது அவர் வாதம். நான் அதை நம் பக்கத்திலிருந்து இப்படிச் சொல்வேன்: விழுவதற்கு முதலில் ஓர் உயரம் வேண்டும். நெஃபுக்கு வேலை, கார், மரியாதை எல்லாம் இருந்தன. அதனால் அவன் வீழ்ச்சி காவியமாகிறது. சார்லிக்கு அந்தக் கதையில் விழக்கூட இடமில்லை.

விதிவிலக்குகள் இருந்தன, அவற்றுக்கு விலையும் இருந்தது. 1947இன் 'பாடி அண்ட் சோல்' குத்துச்சண்டைப் படம். எழுதியவர் ஆப்ரகாம் பொலான்ஸ்கி, நாயகன் ஜான் கார்ஃபீல்ட். அதில் பட்டத்தை இழக்கும் கறுப்பு வீரர் பென்னாக நடித்தவர் கனடா லீ. நிஜத்திலும் குத்துச்சண்டை வீரராக இருந்தவர்; 1941இல் ரிச்சர்ட் ரைட்டின் 'நேட்டிவ் சன்' நாடகமானபோது பிக்கர் தாமஸாக மேடையேறியவர். பென்னின் மூளையில் ரத்தக்கட்டு. அது தெரிந்தும் சூதாடிகள் அவனை மேடையேற்றுகிறார்கள், எதிராளிக்குச் சொல்லவில்லை. பின்னொரு நாள் குண்டர் தலைவன் வெளியேறச் சொல்லும்போது பென் அஞ்ச மறுக்கிறான். இரவில் பயிற்சி மேடையில் தனியாகக் காற்றைக் குத்தியபடியே சரிந்து சாகிறான். அந்தக் காலத்து ஹாலிவுட்டில் ஒரு கறுப்பருக்குக் கிடைத்த அபூர்வமான, கண்ணியமான மரணம் அது.

அதைப் படம்பிடித்தவர் ஜேம்ஸ் வோங் ஹவ், சீனாவில் பிறந்தவர். சக்கரச் செருப்பில் ஓடியபடி கையில் கேமராவோடு சண்டையைப் பிடித்தார். நிழலொளியில் கைதேர்ந்த இவருக்கு, சீனர் என்பதால், பல்லாண்டு அமெரிக்கக் குடியுரிமை மறுக்கப்பட்டது. வெள்ளையரான எழுத்தாளர் சனோரா பாப்பைப் பாரிசில் மணந்துகொண்டார். கலிஃபோர்னியா அந்த மணத்தை ஏற்கவில்லை. கலப்பு மணத் தடையை 1948இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் நீக்கிய பிறகே அங்கே அவர்கள் சட்டப்படி கணவன் மனைவி. அகமணத்தைச் சட்டமாக்கிய ஒரு நாட்டின் இருளை அவர் விளக்கு வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

1947இல் நாடாளுமன்ற விசாரணைக் குழு ஹாலிவுட்டுக்குள் கம்யூனிஸ்டுகளைத் தேடத் தொடங்கியது. கறுப்புப் பட்டியல் என்றுதான் அதற்கும் பெயர். (கெட்டதுக்கெல்லாம் இந்த நிறம் எவ்வளவு வசதியாகக் கைக்கு வருகிறது!) பொலான்ஸ்கி பெயர்கள் சொல்ல மறுத்து வேலை இழந்தார். கனடா லீக்கு வாய்ப்புகள் அடைபட்டன. 1952 மே மாதம், 45 வயதில் இறந்தார். அதே மாதம் கார்ஃபீல்ட் 39 வயதில் மாரடைப்பில் போனார். 'நேட்டிவ் சன்'னைப் படமாக்க ரைட் அர்ஜென்டினாவுக்குப் போக வேண்டியிருந்தது. 1951இல் வந்த அந்தப் படத்தில், நாற்பதைத் தாண்டிய அவரே இளைஞன் பிக்கராக நடித்தார். நடிப்பு சுமார்தான். ஆனால் எழுதியவனே தன் உடம்பைக் கொண்டுவந்து நிறுத்தவேண்டியிருந்த நிலையை மறந்துவிட்டு அந்தப் படத்தை மதிப்பிட என்னால் முடியவில்லை.

1959இல் ஹாரி பெலஃபோன்டே தன் சொந்த நிறுவனத்தின் மூலம் 'ஆட்ஸ் அகெயின்ஸ்ட் டுமாரோ' எடுத்தார். இயக்கம் ராபர்ட் வைஸ். மூன்று பேர் ஒரு சிறுநகர வங்கியைக் கொள்ளையடிக்கத் திட்டமிடுகிறார்கள். மாலையில் கறுப்பினப் பணியாள் ஒருவர் வங்கிக்குக் காப்பியும் தின்பண்டமும் கொண்டுவருவது வழக்கம். அந்தக் கதவு அவருக்காகத் திறக்கும், அவர் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. எனவே பெலஃபோன்டேயின் பாத்திரமான இங்ராம் தேவை. பார்க்கப்படாமல் இருப்பதையே திட்டமாக்கிய கதை நான் வேறெங்கும் கண்டதில்லை. இனவெறியன் ஸ்லேட்டர், தப்பிக்கும் காரின் சாவியை இங்ராமிடம் தர மறுத்து மூன்றாமவனிடம் கொடுக்கிறான். அவன் குண்டடிபட்டு விழும்போது சாவியும் அவனோடு போகிறது. மிஞ்சிய இருவரும் எண்ணெய்த் தொட்டிகளின்மேல் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ள, எல்லாம் வெடிக்கிறது. கரிந்த இரண்டு உடல்களில் எது யாருடையது என்று வந்தவர்களால் சொல்ல முடியவில்லை.

திரைக்கதை பொலான்ஸ்கியுடையது. பட்டியலில் இருந்ததால் அவர் பெயர் போட முடியாது. கறுப்பின நாவலாசிரியர் ஜான் கில்லன்ஸ் தன் பெயரைத் தந்தார். இரண்டு விதமாக விலக்கப்பட்டவர்களுக்கு இடையே நடந்த இந்தக் கைமாற்றை நான் பெரிதாக மதிக்கிறேன். பொலான்ஸ்கியின் பெயர் 1996இல்தான் திரும்பி வந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, கறுப்பின இயக்குநர் கார்ல் ஃபிராங்க்ளின், வால்டர் மோஸ்லியின் நாவலை 'டெவில் இன் அ ப்ளூ டிரெஸ்' என்று படமாக்கினார். 1948இன் லாஸ் ஏஞ்சல்ஸ், அதாவது நுவாரின் சொந்த ஊர், சொந்தக் காலம். ஈசி ராலின்ஸ் போரிலிருந்து திரும்பியவன். விமானத் தொழிற்சாலை வேலை போய்விட்டது, வீட்டுக்கடன் தவணை நிற்கிறது. அதனால்தான் ஒரு வெள்ளையன் தரும் பணத்தை வாங்கிக்கொண்டு, காணாமற்போன பெண்ணைத் தேடப் போகிறான். ஆசையாலோ சலிப்பாலோ அல்ல, தவணைக்காக. சார்லியின் இடத்திலிருந்த மனிதன் கதை சொல்லத் தொடங்கியதும் முதலில் மாறுவது குற்றத்தின் காரணம். படம் முடியும்போது இரவு இல்லை. நல்ல வெயில், தெருவில் அக்கம்பக்கத்தார், அவன் வீடு இன்னும் அவன் கையில்.