நீராடுமிடமும் அந்நியனும்

தென் கொரியாவிலே தொழிற்சாலையொன்றிற் பணிபுரிந்து விடுமுறையில் ஊர் திரும்பிய எமது பெரியம்மாவின் மகன், அந்நாட்டுப் பொதுக் குளியலகம் ஒன்றினுள் முதன்முறையாகப் புகுந்த கதையை எங்கள் வீட்டு முற்றத்திலிருந்து கூறினார். வாயிலிற் கட்டணம் செலுத்திச் சப்பாத்தை ஒரு பெட்டகத்தினுள்ளும் உடைகளைப் பிறிதொரு பெட்டகத்தினுள்ளும் வைத்துப் பூட்ட வேண்டும். அண்ணன் மேற்சட்டையைக் கழற்றிவிட்டு, இடையிற் கட்டிய துவாயுடன் உள்ளே நடந்தார். அங்கிருந்த முதியவர் ஒருவர் துவாயைச் சுட்டிக்காட்டி ஏதோ கூறினார். மொழி விளங்கவில்லை, ஆயின் பொருள் விளங்கிற்று. அன்று அவர் குளியாமலே திரும்பிவிட்டார். இரண்டாம் முறை சென்றபோது பெட்டகத்தின் முன்னே அரைமணி நேரம் நின்ற பின்னரே உள்ளே போனாராம். உள்ளே தம்மை எவரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்பதே அவருக்குப் பெருவியப்பாக இருந்தது. முற்றத்திலிருந்தோர் யாவரும் சிரித்தனர்; பெரியம்மா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அச்சிரிப்பே இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாயிற்று. குளங்களைப் பற்றி எமது வரலாற்று நூல்கள் நிறையவே பேசுகின்றன. எந்த மன்னன் கட்டினான், எத்தனை வயல்களுக்கு நீர் பாய்ந்தது என்பனவெல்லாம் அவற்றில் உள. அக்குளத்தில் மாலைதோறும் இறங்கிக் குளித்த மனிதரைப் பற்றி அவை ஒரு வரிதானும் கூறா. ஓர் ஊரவர் தாம் எவ்வாறு குளிக்கிறோம் என்பதை எழுதி வைப்பதில்லை. அஃது எழுதத் தகுந்த செய்தியென அவர்க்குத் தோன்றுவதில்லை. அதனை எழுதியவன் பெரும்பாலும் அந்நியனே. ஆகவே நீராட்டின் வரலாற்றை அறிய விரும்புவோர் அந்நியரின் திகைப்பையே சான்றாகக் கொள்ள வேண்டியுள்ளது.

1344இல் இலங்கைக்கு வந்து புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்த இபுனு பத்தூத்தாவை நாம் நன்கறிவோம். அதற்குப் பல ஆண்டுகள் முன்னர், 1326இல், எகிப்திலுள்ள மின்யா நகரிலே அவர் ஒரு குளியலகத்தினுட் புகுந்தார். அங்கே ஆடவர் இடைத்துணியின்றிக் குளிப்பதைக் கண்டு மனம் பொறாது நகரின் ஆளுநரிடம் முறையிட்டார். துணியின்றி எவரையும் உட்புகவிடலாகாது என்ற கட்டளையும் பிறந்தது. பின்னர் பக்தாது நகர்க் குளியலகங்களில் ஒருவருக்கு மூன்று துணிகள் கொடுப்பதைக் கண்டு மனமாரப் பாராட்டினார். ஒரே சமயத்தைச் சார்ந்த, ஒரே மொழியைப் பேசிய நாட்டினரிடையேயும் இவ்வேறுபாடு இருந்தது நோக்கற்பாலது. எமது அண்ணன் ஆளுநரிடம் முறையிடவில்லை என்பது ஒன்றே வேற்றுமை.

கொரியாவைப் பற்றியும் இத்தகைய சான்றொன்று உண்டு. 1123இல் சீனத்துச் சொங் அரசின் தூதுக்குழுவுடன் கோரியோ நாட்டுக்குச் சென்ற சூ சிங் என்பார் தாம் கண்டவற்றைத் தொகுத்து அடுத்த ஆண்டே தம் பேரரசருக்கு அளித்தார். அந்நாட்டினர் காலையில் நீராடிய பின்னரே வீட்டைவிட்டு வெளிச்செல்வர். கோடையில் நாளுக்கு இருமுறை குளிப்பர். ஆடைகளைக் கரையில் வைத்துவிட்டு ஆணும் பெண்ணும் ஒரே ஓடையில் இறங்குவர். அதனை எவரும் விந்தையாகக் கருதுவதில்லை என்று அவர் எழுதினார். சீனர் அழுக்கு மிகுந்தவர் என்று கோரியோ மக்கள் நகைத்த செய்தியையும் மறையாது குறித்துள்ளார். காணச் சென்றவனையே கண்டு ஊர் நகைத்தது என்பதைத் தாமே எழுதி வைக்கும் நேர்மை எல்லாப் பயணிகளிடமும் காணப்படுவதன்று.

சூ சிங் கண்ட ஓடையும் அண்ணன் கண்ட குளியலகமும் ஒரே வழக்கத்தின் தொடர்ச்சி என எண்ணிவிடலாகாது. 1392இல் தோன்றிய சோசன் அரசு கன்பூசிய நெறியைத் தழுவியது. அதன்பின் ஆணும் பெண்ணும் சேர்ந்து நீராடல் மறைந்தது. உயர்குடியினர் ஆடை முழுவதையும் களையாமல் உடலைப் பகுதி பகுதியாகக் கழுவலாயினர். வெந்நீர் ஊற்றுகளைப் பிணி தீர்க்கும் இடங்களாகவே போற்றினர். செயோங் மன்னர் 1433இல் ஓன்யாங் வெந்நீரூற்றுக்குச் சென்று தங்கியமை பெயர்பெற்ற செய்தி. இன்றுள்ளது போன்ற பொதுக் குளியலகமோ யப்பானியர் ஆட்சிக்காலத்திலே பரவியதாகும். 1924இல் பியோங்யாங்கிலும் அடுத்த ஆண்டு சியோலிலும் அவை அமைந்தன. விடுதலையின் பின்னர், கடுங்குளிர் நாட்டில் வீடுகளிற் குளியலறை இல்லாத நிலையில், வாரமொருமுறை குடும்பத்தோடு அங்குச் செல்லுதல் வழக்கமாயிற்று. உடலின் அழுக்கை உரசியெடுக்கும் துணி 1960களிற் பூசான் நகரில் தோன்றியது. அதற்கான நெசவு இத்தாலியிலிருந்து வந்தமையால் இன்றும் அதனை ‘இத்தாலித் துவாய்’ என்றே அழைக்கின்றனர். தொன்மையான கொரிய மரபு என்று அண்ணன் எண்ணி அஞ்சியதற்கு வயது நூறாண்டளவே.

இனி எமது வாவிக்கரைக்கு வருவோம். மட்டக்களப்பு வாவியின் நீர் உவர் கலந்தது. எனவே எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் குளிப்பதற்குக் கிணறும் குளமுமே உற்ற இடங்கள். ஆடவர் சாரத்துடனும் பெண்டிர் குறுக்குக்கட்டுடனும் திறந்த வெளியிலே, வீதியாற் போவோர் காண, நீரை அள்ளித் தலையிலே வார்ப்பர். ஆடி அமாவாசையன்று அமிர்தகழி மாமாங்கேசுவரர் ஆலயத் தீர்த்தக் குளத்திலே ஆயிரக்கணக்கானோர் உடுத்த உடையுடனே மூழ்கி எழுவதைக் காணலாம். கொரியருக்குச் சுவர் செய்யும் பணியை எமக்குத் துணி செய்கிறது. பட்டப்பகலில், சுவரேதுமின்றி, ஈரத்துணி உடலோடொட்ட நிற்கும் எம்மைக் காணும் கொரியரும் திகைக்கக்கூடும்.

வடக்கே திருக்கோணமலையை அடுத்துள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் கிழக்கிலங்கையிற் பலரும் கூடி நீராடும் இடங்களுள் தலையாயவை. இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் செய்யத் தோன்றியவை அவை என்பது ஐதிகம். இறந்தோர்க்குக் கிரியை செய்ய மக்கள் அங்குச் செல்வதும் அதுபற்றியே. ஒவ்வொரு கிணற்றின் சூடும் ஒவ்வொரு விதம். 1816 முதல் 1820 வரை இந்நாட்டிற் படை மருத்துவராயிருந்த ஜோன் டேவி 1821இல் வெளியிட்ட நூலிலே இக்கிணறுகளை ஆராய்ந்துள்ளார். 1859இல் வெளிவந்த எமர்சன் ரெனன்றின் நூல் அவ்வெந்நீரில் வாழும் மீன்களைப் பற்றிப் பேசுகின்றது. அங்குப் பிடிபட்ட சிறுமீன் ஒன்றுக்கு வெப்பத்தைக் குறிக்கும் விலங்கியற் பெயரையும் ஐரோப்பிய அறிஞர் இட்டனர். வெப்பமானியும் மீனும் அவர்தம் கவனத்தைக் கவர்ந்த அளவிற்கு, வாளியால் நீர் மொண்டு ஊற்றி நின்ற மனிதர் கவரவில்லை. அக்கிணறுகளை ஒட்டிய பழைய பிள்ளையார் கோயில் நிலம் குறித்து 2019இல் வழக்கெழுந்தமை யாவரும் அறிந்தது.

நீரைச் சூழ்ந்து நின்ற மனிதரைக் கூர்ந்து நோக்கிய அந்நியர் றொபேட் நொக்ஸ் ஆவார். 1660இல் கொட்டியாற்றுக் கரையிற் சிறைப்பட்டு, கண்டி நாட்டிலே பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்து, 1679இல் தப்பிச் சென்ற அவர், 1681இல் வெளியிட்ட நூலிலே ரொடியர் எனப்பட்டோர் பிறருடைய கிணறுகளில் நீர் மொள்ள அனுமதிக்கப்படவில்லை, குழிகளிலும் ஆறுகளிலுமே அள்ளினர் என்று எழுதினார். இவ்வொரு செய்தி, நீராட்டுப் பற்றிய எமது பெருமைகள் பலவற்றை ஆட்டங்காணச் செய்கிறது. நாள்தோறும் குளிப்பவர் நாம் என்கிறோம். எந்தக் கிணற்றில் யார் குளித்தார் என்று கேட்பதில்லை. இது சிங்கள நாட்டின் வழக்கு மட்டுமன்று. தமிழ்ப் பகுதிகளிலும் தாழ்த்தப்பட்டோர் பொதுக்கிணற்றைத் தொடலாகாதென்ற தடை எமது பாட்டனார் காலம்வரை நின்றது. 1957இல் இயற்றப்பட்ட சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் சாதியின் பெயரால் ஒருவரைப் பொதுவிடங்களில் தடுத்தலைக் குற்றமாக்க வேண்டியிருந்தது. மகாராட்டிரத்திலே மகாட் நகரத்துச் சவுதார் குளத்தில் ஒரு கை நீர் அள்ளிப் பருகுவதற்கு 1927இல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டிச் செல்ல வேண்டியிருந்தது.

துணியின் கதையும் இதனின் வேறன்று. அண்ணனுடைய நாணத்தைக் கேட்டு நகைத்த நாம், நாணம் என்பதே எமது மண்ணில் எல்லார்க்கும் வழங்கப்பட்ட உரிமையன்று என்பதை நினைப்பதில்லை. திருவிதாங்கூரில் நாடார் பெண்டிர் மார்பை மறைத்து உடுத்துவதற்கு நெடுங்காலம் போராடி, 1859இலேதான் அரச ஆணை பெற்றனர். கொரியக் குளியலகத்திலே முதலாளியும் தொழிலாளியும் உடையின்றி ஒரே தொட்டியில் அமர்வர். இறங்குமுன் சிறு முக்காலியிலிருந்து உடலை நன்கு கழுவ வேண்டும் என்பது மட்டுமே விதி. மற்றொருவர் தோய்ந்த நீரிலே தோய்வது தீட்டென்ற எண்ணம் அங்கு இல்லை.

இதைக் கேட்டதும் எமக்கு அந்நாட்டின் மேல் ஒரு மயக்கமே ஏற்பட்டது. அதனைத் தெளிவித்ததும் ஒரு செய்தியே. 2011இல் பூசான் நகரிலே, உசுபெக்கித்தானிற் பிறந்து கொரியக் குடியுரிமை பெற்ற பெண்ணொருவர் குளியலகம் ஒன்றில் நுழைவு மறுக்கப்பட்டார். வேற்றினத்தார் இறங்கின் ஏனைய வாடிக்கையாளர் வாரார் என்பது கூறப்பட்ட காரணம். அவர் தேசிய மனித உரிமை ஆணைக்குழுவிடம் முறையிட்டார். துணியை அகற்றினாலும் தோல் அகலாதல்லவா? கிணற்றடியில் நின்ற எமது பாட்டன்மாரின் குரலையே கடல் கடந்து கேட்பது போலிருந்தது.

2004இல் தொடங்கிய தொழில் அனுமதித் திட்டத்தின் கீழ் முதலிலேயே சேர்க்கப்பட்ட நாடுகளுள் இலங்கையும் ஒன்று. அன்று முதல் எமது இளைஞர் பலர் அங்குச் சென்று வருகின்றனர். அண்ணனிடம், உம்மை எவரேனும் தடுத்ததுண்டோ என்று வினவினோம். தம்மைத் தடுக்கவில்லை, தாம் இறங்கியபோது ஒருமுறை இருவர் எழுந்து போனதுண்டு, அவர்கள் குளித்து முடித்தவர்களாகவும் இருக்கலாம் என்றார். பிறிதொரு நாள் முன்பின் அறியாத கிழவரொருவர் சைகையால் அவரைத் திரும்பச் செய்து முதுகை உரசிவிட்டுத் தம் முதுகையும் காட்டினாராம். இப்போது ஞாயிறு தவறாமற் போகிறார். வரும்போது பச்சை நிற இத்தாலித் துவாய்கள் ஆறு கொணர்ந்து வீட்டுக்கொன்றாகக் கொடுத்தார். எங்களுடையது கிணற்றடியில் தொங்குகிறது. அம்மா அதனாற் கறிச்சட்டி தேய்க்கிறார்.