வாலையைச் சுற்றி ஒரு கழகம்

இரசவாதத்தின் வரலாற்றை ஆராய்வதற்கென்றே ஒரு கழகம் 1935-இல் லண்டனில் தொடங்கப்பட்டது. ‘இரசவாத, தொல்வேதியியல் ஆய்வுக் கழகம்’ என்பது அன்றைய பெயர்; இன்று ‘இரசவாத, வேதியியல் வரலாற்றுக் கழகம்’. முன்னோடிகளின் பட்டியலைப் பார்த்தால், இவர்கள் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்ததே வியப்புதான். ஜே. ஆர். பார்ட்டிங்டன் வேதியியல் பேராசிரியர். பிற்காலத்தில் வேதியியல் வரலாற்றை நான்கு பெருந்தொகுதிகளாக எழுதியவர். பிராங்க் ஷெர்வுட் டெய்லர் கிரேக்க இரசவாத நூல்களில் தோய்ந்தவர். ஜெரார்ட் ஹெய்ம் அரிய நூல்களைத் தேடிச் சேர்த்தவர், மறைஞானத்தில் பற்றுள்ளவர். 1937 மே மாதம் கழகத்தின் இதழ் வெளிவந்தது. பண்டைய வாலையின் தலைமூடிக்குரிய கிரேக்கப் பெயரான ‘ஆம்பிக்ஸ்’ அதற்கு வைக்கப்பட்டது. டெய்லர் 1956-இல் மறையும்வரை அவரே ஆசிரியர்.

இப்படி ஒரு கழகம் அன்று ஏன் தேவைப்பட்டது என்பதற்கு நியூட்டனின் காகிதங்களே சாட்சி. அவர் இரசவாதம் பற்றி ஏறத்தாழ பத்து லட்சம் சொற்கள் எழுதிவைத்திருந்தார். குடும்பத்தார் அவருடைய கையெழுத்துப்படிகளைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தபோது, பல்கலைக்கழகத்தார் கணிதத்தையும் இயற்பியலையும் வைத்துக்கொண்டு, இரசவாதக் கட்டுகளை மதிப்பில்லாதவை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1888-இல் வந்த, அந்தக் கையெழுத்துப்படிகளின் அட்டவணையும் அதே தொனிதான். 1936-இல் சோத்பி நிறுவனத்தில் அந்த இரசவாதக் கட்டுகள் ஏலத்துக்கு வந்தன. பலவற்றைத் தேடி வாங்கிச் சேர்த்தவர் பொருளியலறிஞர் கெய்ன்ஸ். படித்துப் பார்த்த அவர், நியூட்டனைப் பகுத்தறிவு யுகத்தின் முதல்வராக அல்ல, மந்திரவாதிகளின் கடைசி வாரிசாகக் காட்டும் உரை ஒன்றை எழுதினார். 1946-இல் அவர் இறந்த பின் அவருடைய தம்பி அதை வாசித்தார். உரை அழகானது. ஆனால் குப்பை என்று ஒதுக்கியவர்களைப் போலவே, மந்திரம் என்று கொண்டாடியவரும் உலைக்களம் பக்கம் போகவில்லை.

போர்க்காலத்தில் இதழ் நின்று, 1946-இல் மீண்டும் வந்தது. 1949-இல் ஹெர்பர்ட் பட்டர்ஃபீல்டு என்ற பெரிய வரலாற்றாசிரியர், இரசவாதத்தைப் பற்றி எழுதுகிறவர்களுக்கும் அந்தப் பைத்தியம் தொற்றிக்கொள்கிறது என்ற பொருளில் கேலி செய்தார். கழகத்தார் எந்தச் சூழலில் வேலை செய்தார்கள் என்பதற்கு இது போதும்.

நூல்களும் எளிதில் பிடிகொடுப்பவை அல்ல. பாசில் வாலண்டைன் பெயரில் வந்த ‘பன்னிரு சாவிகள்’ நூலில், ஓர் ஓநாய் அரசனை விழுங்குகிறது. ஓநாயைத் தீயிலிட்டால் அரசன் உயிரோடு வெளிவருகிறான். சித்தர்களின் பரிபாஷையோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது புதிதாக இராது. இதை உள்ளத்தின் மரணமும் மறுபிறப்பும் என்று படிக்கும் வழியை உளவியலறிஞர் யுங் 1944-இல் ஒரு பெருநூலாகவே விரித்தார். ஆனால் ஓநாயை அஞ்சனக்கல் என்றும் அரசனைப் பொன் என்றும் வைத்துப் பாருங்கள். உருகிய அஞ்சனக்கல்லிலுள்ள கந்தகம், பொன்னில் கலந்த வெள்ளியையும் செம்பையும் பிடித்துக்கொள்ளும். பொன் ஆண்டிமனியோடு அடியில் தங்கும். மேலும் காய்ச்சினால் ஆண்டிமனி ஆவியாகிப் போய்விடும். இது பொன்னைப் புடமிடும் முறை, அவ்வளவுதான்.

அதற்காக, படிமங்களையெல்லாம் உரித்துவிட்டு உள்ளே இருக்கும் வேதியியலை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா? அதுவும் ஏமாற்றுப் பாதையே. கந்தகமும் இரசமும் வெவ்வேறு அளவில் சேர்ந்தே உலோகங்கள் உண்டாகின்றன என்று நம்பிய காலத்தில், ஈயம் பொன்னாகலாம் என்பது பேராசையின் பிதற்றல் அல்ல, அந்தக் கொள்கையிலிருந்து நேராக வரும் முடிவு. ஜெர்மனியிலிருந்து வெளியேறி இங்கிலாந்தில் நோயியல் மருத்துவராக வாழ்ந்த வால்ட்டர் பாகல், இரசவாத மருத்துவரான பாராசெல்சஸ் பற்றி எழுதியபோது இதைத்தான் வற்புறுத்தினார். நமக்குப் பிடித்த வரிகளைப் பொறுக்கிக்கொண்டு மற்றதைத் தள்ளினால் மிஞ்சுவது பாராசெல்சஸ் அல்லர், நாமேதான். கழகத்தின் வரலாற்றில் மிகப் பெரிய திருத்தம் இவருடையது என்பது என் எண்ணம்.

1987-இல் ‘ஆம்பிக்ஸ்’ இதழில், உலைக்களத்துக்கே போய்ப் பார்த்த வேதியியல் வரலாற்றாசிரியர் லாரன்ஸ் பிரின்சிப்பே எழுதிய கட்டுரை வந்தது. அதே வாலண்டைன் பெயரிலுள்ள ‘ஆண்டிமனியின் வெற்றித்தேர்’ நூலில் ஆண்டிமனிக் கண்ணாடி செய்யும் முறை இருக்கிறது: அஞ்சனக்கல்லைப் பொடித்து, உருகிவிடாமல் மெல்ல வறுத்து, பின் மூசையில் உருக்கி ஊற்றினால் பொன்மஞ்சள் நிறக் கண்ணாடி கிடைக்கும். பிரின்சிப்பே ஆய்வகத்தில் கிடைக்கும் தூய சரக்கை வைத்துச் செய்தார். திரும்பத் திரும்ப அழுக்கு நிறக் கட்டிதான் வந்தது. நூல் சொல்வது ஹங்கேரி அஞ்சனக்கல். கிழக்கு ஐரோப்பியச் சுரங்கக் கல்லை வரவழைத்து அதே முறையில் செய்தபோது, தெளிந்த மஞ்சள் கண்ணாடி கிடைத்தது. சோதித்துப் பார்த்தால், அந்தக் கல்லில் சிறிதளவு படிகக்கல், அதாவது சிலிக்கா, கலந்திருந்தது. தோற்றுப்போன கட்டியில் கொஞ்சம் படிகப் பொடியைச் சேர்த்து மறுபடி உருக்கினார், அதுவும் கண்ணாடியாயிற்று. நாம் மாசு என்று நீக்கிவிட்டது அங்கே கட்டாயமான சரக்காக இருந்திருக்கிறது. முதல் முயற்சியோடு நிறுத்தியிருந்தால் அந்த நூலும் பொய்களின் பட்டியலில் சேர்ந்திருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், பதினைந்தாம் நூற்றாண்டுத் துறவி என்று சொல்லப்பட்ட அந்த வாலண்டைன் பெரும்பாலும் இருந்ததே இல்லை. 1604-இல் நூலைப் பதிப்பித்த உப்பாலைக்காரர் யோகான் தோல்டேயின் கைவரிசை என்று சந்தேகிப்போர் உண்டு. கண்ணாடியின் வழக்கு தீர்ந்துவிட்டது. ஆசிரியரின் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.