கண்ணை மூடியும் பார்த்த சாட்சிகள்: சேலம், 1692

ரெண்டு வாரம் முன்னாடி என் பொண்ணு கேட்ட ஒரு கேள்வியில் ஆரம்பித்தது இந்தப் பதிவு. அவளுக்கு 11 வயது. நூலகத்தில் எடுத்த புத்தகத்தில் சேலம் சூனிய வழக்குகளைப் பற்றிப் படித்துவிட்டு, "அப்பா, அந்த அபிகெய்லுக்கும் என் வயசுதானாம். அவ ஏன்பா பொய் சொன்னா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து வேலை முடிந்ததும் ராத்திரிகளில் அந்த வழக்கு ஆவணங்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலானவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

முதலில் இடம். வட அமெரிக்காவில் ஆங்கிலேயக் காலனியாக இருந்த மாசசூசெட்ஸ். பிரச்சினை கிளம்பியது சேலம் நகரத்தில் அல்ல, அதை ஒட்டிய சேலம் கிராமத்தில். இன்றைக்கு அதன் பெயர் டான்வர்ஸ். தூய்மைவாதிகள் எனப்படும் ப்யூரிட்டன்களின் ஊர். போதகர் சாமுவேல் பாரிஸுக்குச் சம்பளம் தருவதா வேண்டாமா என்பதில் ஊரே இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து கிடந்தது. வடக்கே பிரெஞ்சுக்காரர்களோடும் பூர்வகுடிகளோடும் போர், அங்கிருந்து தப்பி வந்த அகதிகள் வேறு. இதெல்லாம் போதாதென்று, காலனியின் அரச சாசனம் 1684லேயே ரத்தாகியிருந்தது. சட்டப்படி இங்கே யாருக்கு அதிகாரம் என்பதே தெளிவில்லாத நேரம்.

1692 தொடக்கத்தில் பாரிஸின் 9 வயது மகள் பெட்டியும், அதே வீட்டில் வளர்ந்த உறவுக்காரச் சிறுமி அபிகெய்ல் வில்லியம்ஸும் உடம்பை முறுக்கிக்கொண்டு கத்த ஆரம்பித்தார்கள். பிப்ரவரி 29 அன்று மூன்று பெண்களைக் கைது செய்ய உத்தரவு: பாரிஸ் வீட்டு அடிமை டிடுபா, பிச்சை எடுத்துப் பிழைத்த சாரா குட், நோயாளியான சாரா ஆஸ்போர்ன். ஊரில் கேட்க நாதியில்லாதவர்களாகப் பார்த்துத்தான் கை நீண்டிருக்கிறது. டிடுபா மட்டும் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். இன்னும் பல சூனியக்காரிகள் இருக்கிறார்கள் என்றும் சொன்னாள். அதற்கப்புறம் தீ பரவுவது போலத்தான். சாரா குட்டின் மகளையும் பிடித்துப்போய்ச் சங்கிலி போட்டார்கள். அவளுக்கு வயது 4, மிஞ்சினால் 5.

சிறுமிகளுக்கு என்ன ஆயிற்று? தானியத்தில் வரும் எர்காட் பூஞ்சையின் விஷம் என்று 1976ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது, அதே வருடம் மறுப்பும் வந்தது. ஹிஸ்டீரியா என்பார்கள், நடிப்பு என்பார்கள். நானும் முதலில் இதைத்தான் தோண்டிக்கொண்டிருந்தேன். ஆனால் படிக்கப் படிக்க வேறொன்று உறுத்தியது. குழந்தைகள் கத்தினால் யாரும் தூக்கில் தொங்கிவிடுவதில்லை. தூக்கில் போட ஒரு நீதிமன்றம் வேண்டும்.

மே மாதம் புதிய சாசனத்தோடு வந்த ஆளுநர் வில்லியம் ஃபிப்ஸ் சிறப்பு நீதிமன்றம் அமைத்தார். தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டௌட்டன். அங்கே ஆவி சாட்சியம் செல்லும்: "இவளுடைய உருவம் வந்து என்னைக் கடித்தது" என்று பாதிக்கப்பட்டவர் சொன்னால் போதும். அந்த நேரத்தில் நீங்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்ததற்கு நாலு பேர் சாட்சி சொன்னாலும் பிரயோஜனமில்லை, வந்தது உங்கள் உருவம்தானே! எந்த ஆதாரத்தாலும் பொய்யென்று நிரூபிக்கவே முடியாத குற்றச்சாட்டு. எங்கள் தொழிலில் சொன்னால், எந்த உள்ளீடு கொடுத்தாலும் 'குற்றவாளி' என்றே வெளியீடு தரும் நிரல்.

இன்னொரு விதியும் தானாக உருவானது. ஒப்புக்கொண்டு வேறு பெயர்களைக் காட்டிக்கொடுத்தவர்கள் பிழைத்தார்கள்; மறுத்தவர்கள் தூக்கு மேடைக்குப் போனார்கள். சுமார் 50 பேர் ஒப்புக்கொண்டதில் ஆச்சரியமில்லை. ஒவ்வொரு ஒப்புதலும் அடுத்த கைதுக்கு விதை.

ரெபெக்கா நர்ஸ் வழக்கைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 71 வயதுப் பாட்டி, காது மந்தம். நல்லவர் என்று அக்கம்பக்கத்தார் 39 பேர் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். ஜூரி குற்றமற்றவர் என்றே தீர்ப்புச் சொன்னது. உடனே சிறுமிகள் அலற, ஸ்டௌட்டன் அந்தப் பாட்டி முன்பு சொன்ன ஒரு வாக்கியத்தை ஜூரிக்கு நினைவூட்டினார். அதற்கு விளக்கம் கேட்டார்கள். காதில் விழாமல் அவர் பேசாமல் நின்றார். தீர்ப்பு மாறியது. ஜூலை 19 அன்று தூக்கு.

மொத்தம் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள், 14 பெண்கள், 5 ஆண்கள். வழக்காட மறுத்த ஜைல்ஸ் கோரி என்ற 80 வயதுக்காரரைக் கற்களை ஏற்றி நசுக்கியே கொன்றார்கள். சிறையில் இறந்தவர்கள் குறைந்தது 5 பேர். (பலர் நினைப்பது போல யாரையும் எரிக்கவில்லை.)

எதிர்ப்பே இல்லையா? இருந்தது. முதல் தூக்குக்குப் பிறகு நதானியேல் சால்டன்ஸ்டால் என்ற நீதிபதி விலகினார். அக்டோபரில் தாமஸ் பிராட்டில் என்ற வணிகர் ஒரு கடிதத்தில் எளிமையாக ஒன்றைக் கேட்டார்: கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போதே உருவங்களைப் பார்த்ததாகச் சொல்கிறார்களே, மூடிய கண் எப்படிப் பார்க்கும்? அதே மாதம் ஃபிப்ஸ் அந்த நீதிமன்றத்தைக் கலைத்தார். 1693 ஜனவரியில் புதிய நீதிமன்றம், ஆவி சாட்சியம் செல்லாது என்ற விதியோடு. கூர்ந்து கவனியுங்கள். அதே ஊர், அதே சிறுமிகள், நீதிபதிகளில்கூடப் பலர் அதே ஆட்கள். கோடையில் விசாரிக்கப்பட்ட எல்லோருக்குமே குற்றவாளித் தீர்ப்பு. இப்போதோ மூன்றே பேருக்கு. அவர்களுக்கும் ஃபிப்ஸ் தண்டனையை நிறுத்திவிட்டார்.

1697ல் நீதிபதி சாமுவேல் சூவல் தேவாலயத்தில் எழுந்து நிற்க, அவருடைய மன்னிப்பு சபை முன் வாசிக்கப்பட்டது. குற்றம் சாட்டிய சிறுமிகளில் ஒருத்தியான ஆன் புட்னம் 1706ல் அதேபோல் மன்னிப்புக் கேட்டாள். பகையால் செய்யவில்லை, சாத்தானால் ஏமாற்றப்பட்டேன் என்றாள். ஸ்டௌட்டன் கடைசிவரை வருத்தம் தெரிவிக்கவில்லை.

பொண்ணிடம் இதைத்தான் சொன்னேன்: "அவ ஏன் சொன்னான்னு எனக்கு இப்பவும் சரியா தெரியலம்மா. ஆனா கேட்டுட்டு இருந்த பெரியவங்க, 'எப்படித் தெரியும்?'னு ஒரு தடவை கேட்டிருந்தா 20 உயிர் போயிருக்காது."

அந்த மூன்று பேரில் ஒருவர் எலிசபெத் ஜான்சன், வயது 22. பின்னாளில் மற்றவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகக் களங்கம் நீக்கப்பட்டபோது இவர் பெயர் விடுபட்டுப்போனது. 2022ல்தான் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் அதைச் சரிசெய்தது. அதற்காக மெனக்கெட்டவர்கள் ஒரு பள்ளியின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். இதைக் கேட்டதும் என் பொண்ணு, "பரவாயில்லப்பா, என்னைவிட ரெண்டு வயசுதான் பெரியவங்க" என்றாள்.

தகவல் பிழை ஏதும் கண்ணில் பட்டால் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன்.